முள் நடுவில்தான் இருந்தது

மத்தியானம் மூன்று பத்து. ஊருக்குள் நுழையாமல் சுற்றிப் போகும் சாலை. கல் குவாரியை மூடிய பிறகு அதில் லாரிகள் வருவதில்லை... யாருமே வருவதில்லை. பக்கத்தில் வீடு கிடையாது, கடை கிடையாது. ஒரே ஒரு மரம். அதன் கீழே ஒரு பழைய கார், முன்மூடியைத் திறந்து வைத்தபடி. பின் சீட்டில் வயதான அம்மாள் ஒருத்தி படுத்திருந்தாள். கண்ணாடிகள் நான்கும் ஏற்றியிருந்தன.

“மூணு பத்தா? ராத்திரியா?” என்று கேட்டாள் எங்களில் ஒருத்தி, நர்ஸ் வேலை பார்ப்பவள்.

“மத்தியானம்.”

“பட்டப்பகல்ல என்னடி பேய்? அதுக்கும் ஷிஃப்ட் மாத்திட்டாங்களா?”

சிரித்தோம். மின்சாரம் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பெண்கள் விடுதியின் மூன்றாம் மாடி. இரண்டு கட்டில்களை ஒட்டிப் போட்டு, ஐந்து பேர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கதை சொன்னவளை நாங்கள் தந்தி என்று கூப்பிடுவோம். ஒரு வார்த்தை கூடினால் காசு கூடிவிடும் என்பதுபோல் பேசுவாள். நடந்தது அவளுடைய அக்காவுக்கு. கூடப் பிறந்தவள் இல்லை, பெரியப்பா மகள். தந்தி சொன்னதை நான் என் வார்த்தைகளில் எழுதுகிறேன். அவள் நிறுத்திய இடங்களில் நானும் நிறுத்துகிறேன்.

அக்காவுக்கு மீட்டர் கடை. வண்டிகளின் டேஷ்போர்டில் வட்ட வட்டமாக இருக்குமே, வேகம் காட்டும் முள், டீசல் காட்டும் முள், இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்... அவற்றைக் கழற்றிப் பிரித்துச் சரிசெய்யும் கடை. பத்தடிக்கு எட்டடி. ஒரு மேசை, பற்றவைக்கும் ஊசி, ஒரு கண்ணில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி. முழுக்கச் செத்துப்போன மீட்டரைப் பற்றி அவளுக்குக் கவலையே இருக்காது. எப்போதாவது மட்டும் ஆடுகிற முள்தான் கெட்ட வியாதி. டாக்டரைக் கண்டதும் இறங்கிவிடும் காய்ச்சல் மாதிரி, கடைக்கு வந்தால் சமர்த்தாக நிற்கும். வீட்டுக்குப் போனதும் துள்ளும்.

அவள் வீட்டுக் காருக்கே அந்த வியாதி வந்தது. இருபத்தாறு வருடத்துக் கார். சூடு காட்டும் முள் திடீரென்று சிவப்புக்கு எகிறும், அடுத்த மேட்டில் தானாக இறங்கும். அவள் கணவர் தினமும் புலம்பினார்.

“ஊர் வண்டிக்கெல்லாம் வைத்தியம் பாக்குற. நம்ம வண்டி மட்டும் உன் கண்ணுக்குத் தெரியாதா?”

அக்கா பார்த்தாள். இன்ஜினில் குறையில்லை. தண்ணீர் குறையவில்லை, விசிறி ஓடுகிறது. குறை, இன்ஜின்மேல் திருகியிருக்கும் சென்சாரில். அந்த மாடலுக்கு அது எங்கும் கிடைக்கவில்லை. அதனால் ஒரு வேலை செய்தாள். மீட்டர் கடைக்காரர்கள் பொறுமையில்லாத வாடிக்கையாளர்களுக்குச் செய்கிற வேலை. வெளியே சொல்லமாட்டார்கள். இன்ஜினிலிருந்து வரும் பச்சை ஒயரை டேஷ்போர்டுக்குப் பின்னால் வெட்டி, முனையை டேப்பால் மூடிவிட்டு, அதற்குப் பதிலாக அரிசி அளவில் ஒரு டம்மியைப் பற்றவைப்பது. சாவியைப் போட்டதும் முள் எழுந்து நடுவில் வந்து நிற்கும். இன்ஜின் தீப்பிடித்தாலும் நடுவில்தான் நிற்கும். முள்ளைத் தூங்க வைப்பது என்று தங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

சென்சார் கிடைக்கும்வரைதான் என்று நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம் சரிசெய்துவிட்டதாகச் சொன்னாள். முள் ஆடவில்லை. அவரும் புலம்பலை விட்டார்.

இங்கே தந்தி நிறுத்தினாள். “ராத்திரி சாப்பிட்டது எல்லாருக்கும் செரிச்சிடுச்சா?” என்று கேட்டாள்.

மாமியார் இரண்டு வருடமாகப் படுக்கை. முதுகின் அடியில், எலும்பு புடைக்கும் இடத்தில், ஒரு புண். முதலில் நாணயம் அளவு. பிறகு உள்ளங்கை அளவு. பிறகு உள்ளங்கை உள்ளே போகும் அளவு. பஞ்சைப் பிரித்தால் மஞ்சளாக நூல் இழுக்கும். அந்த வாடை... கனிந்து வெடித்த பழத்தை ஈரத்துணியில் சுற்றி, வெயிலில் பூட்டி வைத்த மாதிரி. இனிப்புதான் அதில் தாங்கமுடியாதது. அழுகல் மட்டும் இருந்தால் பொறுத்துக்கொண்டிருக்கலாம் என்றாளாம் அக்கா.

“தெரியும்,” என்றாள் நர்ஸ். அதற்குப் பிறகு அவள் கேலி பேசவில்லை.

அக்காதான் துடைத்தாள், காலையிலும் மாலையிலும். மூச்சை அடக்கிக்கொண்டு, வாயால் மட்டும் காற்றை இழுத்துக்கொண்டு. முகத்தில் எதுவும் தெரியாது. ஆனால் மாமியார் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. மூக்கைப் பார்ப்பாள். மூக்கு விரிகிறதா, ஒடுங்குகிறதா என்று கண்ணெடுக்காமல் பார்ப்பாள். புண்ணைவிட அந்தப் பார்வைதான் அக்காவுக்குக் குமட்டியது. தான் மறைத்து வைத்திருப்பது ஒருத்திக்குத் தெரியும், அவள் அதையே தினமும் இரண்டு வேளை சரிபார்க்கிறாள். இப்படி ஒருவரோடு ஒருவர் கட்டிப்போடப்படுவதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டார் அதைப் பாசம் என்றார்கள்.

மகன் வாசற்படியில் நிற்பார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு.

“உள்ள வராதப்பா,” என்பாள் மாமியார். “உனக்கு ஒத்துக்காது. இவ பாத்துப்பா.”

அன்று மத்தியானம் அக்கா கடையில் இருந்தாள். மாமியாருக்கு மூச்சு வாங்கியது. கணவர் பக்கத்து வீட்டுக்காரர் உதவியோடு அவளைத் தூக்கிக் காரில் படுக்கவைத்து, ஊருக்குள் நெரிசல் என்று சுற்றுச் சாலையில் கிளம்பினார். இருபது நிமிடத்தில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நான்கு மணிக்குமேல் அக்காவுக்கு ஃபோன் வந்தது.

அவர் சொன்னது இதுதான். மரத்துக்கிட்டே வரும்போது முள் சிவப்புக்குப் போய்விட்டது. இன்ஜின் எரிந்துவிடுமோ என்று நிறுத்தினார். முன்மூடியைத் திறந்து சூடு ஆறக் காத்திருந்தார். நாற்பது நிமிடம். திரும்பிப் பார்த்தபோது அம்மாவுக்கு மூச்சு இல்லை.

மறுநாள் ரேடியேட்டர் கடைக்காரர் காரைப் பார்த்தார். தண்ணீர் முழுசாக இருந்தது. இன்ஜினில் ஒரு கீறல் இல்லை. “வண்டி சூடாகவே இல்லீங்க. முள்ளுதான் பொய் சொல்லியிருக்கு,” என்றார்.

முதலில் யாரும் அக்காவைப் பார்க்கவில்லை. பிறகு எல்லாரும் பார்த்தார்கள். நாத்தனார்தான் வாயைத் திறந்தாள்.

“சரி பண்ணிட்டேன்னு நீங்கதானே அண்ணி சொன்னீங்க? அத நம்பித்தானே அண்ணன் நிறுத்தினாரு? எங்கம்மாவ உங்க கைவேலைதான் கொன்னுச்சு.”

அக்கா சட்டென்று கணவரைப் பார்த்தாள். குற்றம் சாட்டியதற்காக இல்லை. அந்த முள் சிவப்புக்குப் போகவே போகாது. அது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பேச்சு கடைத்தெருவுக்குப் போனது. வேலைக்கு விட்டிருந்த ஐந்து மீட்டர்களில் நான்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். ஐந்தாவது ஆள் வெளியூர் போயிருந்தான். அவனும் வருவான். ஆளைக் கொன்ற கை என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால், யாரும் தங்கள் வண்டியை அந்தக் கையில் கொடுக்கமாட்டார்கள். அதைவிட, இரவில் கணவர் பக்கத்தில் படுக்கும்போது ஒரு கேள்வி நடுவில் வந்து படுத்துக்கொண்டது.

ஒரு வழி இருந்தது. டம்மியின் மேலுறை எங்கேயாவது உரசித் தேய்ந்து, உள்ளே இருக்கும் கம்பி காரின் இரும்பைத் தொட்டிருந்தால், முள் சிவப்புக்கு எகிறும். அப்படியானால் அவர் சொன்னது உண்மை. குற்றம் தன்னுடையது. அந்த உரசலைத்தான் அக்கா தேடினாள். தன் தலையில் பழி விழவேண்டும் என்று ஒரு பெண் டார்ச் அடித்துத் தேடியதை நினைத்துப் பாருங்கள். புருஷனை நம்புவதற்கு அவளுக்கு வேறு இடம் மிச்சமில்லை.

சாவியைப் போட்டு வைத்து, டேஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்து, மல்லாந்து படுத்து, காலைச் சீட்டின்மேல் போட்டுக்கொண்டு பார்த்தாள். டம்மி இருந்தது. மேலுறை முழுசாக இருந்தது. பற்றவைத்த இடம் பளபளவென்று இருந்தது. வெட்டிய பச்சை ஒயர் டேப்போடு தனியே தொங்கியது. ஒயர்க் கட்டைப் பிடித்து ஆட்டினாள், இழுத்தாள், டேஷ்போர்டை முட்டியால் குத்தினாள். முள் நடுவில் இருந்தது.

பின் சீட்டை ஏற்கெனவே கழற்றி மூன்று முறை கழுவியாகிவிட்டது. ஆனாலும் அந்த வாடை வந்தது. பின்னாலிருந்து இல்லை. மேலிருந்து. டேஷ்போர்டுக்கு உள்ளேயிருந்து.

டக்கென்று ஒரு சொட்டு அவள் உதட்டில் விழுந்தது.

ரேடியேட்டர் தண்ணீராக இருக்கும் என்று நினைத்தாள். அதற்கும் லேசான இனிப்பு வாடை உண்டு. விரலால் துடைத்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாள். மஞ்சள். வெதுவெதுப்பு. விரல்களைப் பிரித்தபோது நூல் இழுத்தது.

இரண்டு வருடம் கையால் துடைத்தது. அவளுக்கு அடையாளம் தெரியாதா?

உருண்டு வெளியே வந்து வாந்தி எடுத்தாள். சோப்புப் போட்டு வாயைத் தேய்த்தாள். உதடு தோலுரிந்து ரத்தம் வரும்வரை தேய்த்தாள். பிறகு திரும்பப் போய்ப் படுத்து, விட்ட இடத்திலிருந்து தேடினாள். தந்தி இதைச் சொன்னபோது எனக்கு அந்தப் பேயைவிட அக்காமேல் பயமாக இருந்தது.

உரசல் இல்லை. சாவியைப் போட்டு ஆறு மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்தாள். முள் நடுவில்தான் இருந்தது.

மறுநாள் கணவரிடம் சொன்னாள். “மூணு மணிக்குக் காரை எடுங்க. அந்த ரோட்டுல ஓட்டிப் பாக்கணும்.”

“இப்ப எதுக்கு அதெல்லாம்?”

“எப்பவாவது வர்ற கோளாறு. வந்த இடத்துலதான் பிடிக்கணும்.”

“நீயே ஓட்டிட்டுப் போயேன்.”

“அன்னிக்கு நானா ஓட்டினேன்?”

போனார்கள். அக்கா முன் சீட்டில், அவருக்குப் பக்கத்தில். பின் சீட்டில் யாருமில்லை. வெயில் கண்ணைக் குத்தியது. தார் உருகிச் சக்கரத்தில் ஒட்டி, சரசரவென்று பிரிந்தது. ரேடியோவில் யாரோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள். நடுவில். நடுவில். நடுவில்...

மரம் தெரிந்ததும் கார் வேகம் குறைந்தது.

“ஏன் மெதுவா போறீங்க? முள்ளு நடுவுலதானே இருக்கு.”

வாடை வந்தது. இந்த முறை கொஞ்சமாக இல்லை. யாரோ பின்னால் பஞ்சைப் பிரித்துவிட்ட மாதிரி, காரே நிறைந்தது. அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அக்கா பழக்கத்தில் வாயால் மூச்சு விட ஆரம்பித்திருந்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

டக்... டக்... டக்.

கண்ணாடியில் விரல் கணு படும் சத்தம். இடது பக்கப் பின் கண்ணாடி. வெளியிலிருந்து இல்லை.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது கணவரின் கையை. அது ஸ்டியரிங்கை விட்டு நகர்ந்து, ரேடியோவின் திருகைப் பிடித்து, சத்தத்தைக் கூட்டியது. திடுக்கிடவில்லை. பதறவில்லை. பழகிய கை.

கூட்டிய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்தது. காரை மரத்தடியில் நிறுத்தினார். அக்கா ரேடியோவை அணைத்தாள். தட்டலும் நின்றிருந்தது.

“அன்னிக்கும் தட்டினாங்களா?”

“நாத்தம் தாங்க முடியல. எனக்கு வாந்தி வந்துடுச்சு. அஞ்சு நிமிஷம் காத்து வாங்கிட்டு வந்துடலாம்னுதான் இறங்கினேன்.”

“கண்ணாடிய ஏத்திட்டா?”

“மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்னாலும் வந்துச்சு அந்த நாத்தம்.”

“அவங்க தட்டினது கேட்டுச்சா, இல்லையா?”

“ரேடியோவப் போட்டு வச்சிருந்தேன்...” மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். “நீ தினமும் அதத் தொட்டுத் துடைச்சவ. உனக்குப் புரியும்.”

புரிந்தது. அதுதான் கொடுமை. அந்த ஐந்து நிமிடம் எப்படி நாற்பது ஆகியிருக்கும் என்பது அவளுக்கு வினாடி வினாடியாகப் புரிந்தது. முதல் நல்ல காற்று. இன்னொரு மூச்சு. இன்னும் ஒன்றே ஒன்று... பல நாள் அந்த அறைக்கதவைச் சாத்திவிட்டு அவளும் அப்படி நின்றிருக்கிறாள். வித்தியாசம், அவள் திரும்ப உள்ளே போனாள். அவளை அவர் தன்னோடு சேர்த்துக்கொண்ட அந்த ஒரு வார்த்தையில், சொட்டு விழுந்த உதடு மறுபடி எரிந்தது. பக்கத்தில் இருந்த அந்த ஈர முகத்தை, ஒன்பது வருடம் அவள் தொட்ட முகத்தை, இனி கையுறை போட்டுக்கொண்டுகூடத் தொடமுடியாது என்று தெரிந்தது.

அன்று சாயங்காலமே நாத்தனாரை வரச்சொன்னாள். டம்மி வைத்ததை ஒப்புக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டாள். கடைக்கு வரும் கெட்ட பெயர் வரட்டும். ஏமாற்றுக்காரி என்ற பெயரோடு வாழ்ந்துவிடலாம். செய்யாத கொலையோடு முடியாது.

வீட்டு முன்னால் கார் நின்றது. இன்ஜின் ஆறிக் குளிர்ந்துபோயிருந்தது. கணவர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், முகம் வெளுத்து.

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். வெட்டிய ஒயர், டம்மி, நகரவே முடியாத முள். நாத்தனார் கேட்டுக்கொண்டே இருந்தாள். அண்ணனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

“காட்டுங்க,” என்றாள்.

அக்கா நான்கு திருகுகளைக் கழற்றி, மீட்டர் பெட்டியை முன்னால் இழுத்து, டார்ச்சை அடித்தாள்.

டம்மி இல்லை. பற்றவைத்த தடம்கூட இல்லை. நேற்று டேப்போடு தொங்கிய பச்சை ஒயர் முழுசாக ஓடியது, இன்ஜினிலிருந்து முள்வரை. வெட்டிய இடத்தில் ஏதோ சுற்றியிருந்தது. டேப் இல்லை. மெல்லியதாக, நெருக்கமாக, சுற்றின்மேல் சுற்றாக... வெள்ளை முடி. ஈரமாக இருந்தது. அக்காவின் விரல்கள் அதைத் தொட்டதுமே அறிந்துகொண்டன. இரண்டு வருடம் சிக்கெடுத்த முடி.

“எங்க உங்க டம்மி?” நாத்தனார் எட்டிப் பார்த்தாள். “ஒயர் ஒழுங்காத்தானே இருக்கு? ஏதோ நூல் சுத்தியிருக்கீங்க.”

கையை நீட்டிச் சாவியைத் திருகினாள். முள் எழுந்தது. நடுவுக்கு வந்தது. நிற்கவில்லை. குளிர்ந்த இன்ஜினில், சிவப்பின் கடைசிக் கோடுவரை போய், அங்கே நின்று லேசாக நடுங்கியது.

“பாத்தீங்களா? அண்ணன் பொய் சொல்லல. நீங்க செஞ்ச கோளாறுக்கு அவர் தலையில பழியப் போடப் பாத்தீங்களா? பெத்த அம்மாவ அவரே கொன்னாருன்னு சொல்ல உங்களுக்கு எப்படி அண்ணி வாய் வந்துச்சு?”

அக்கா வாசலைப் பார்த்தாள். கணவர் நிமிர்ந்திருந்தார். சாப்பிட்டு முடித்து, அம்மாவின் முந்தானையில் வாய் துடைத்துக்கொண்ட பிள்ளையின் முகம். முதன்முறையாக அவர் கைக்குட்டை இல்லாமல் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஆழமாக மூச்சை இழுத்தார். அவருக்கு எந்த வாடையும் வரவில்லை. நாத்தனாருக்கும் வரவில்லை.

அக்காவுக்கு வந்தது. மூக்கில் ஏறி, தொண்டையில் இறங்கி, வாயில் இனித்தது.

அவள் அந்த முடியைப் பிடித்து இழுத்தாள். பிய்த்து எறிந்துவிட்டு நாத்தனாருக்கு வெட்டுத் தடத்தைக் காட்டவேண்டும். முடி வந்தது. ஒரு முழம். இரண்டு முழம். டேஷ்போர்டின் இருட்டுக்குள்ளிருந்து வழவழவென்று, மஞ்சள் ஈரத்தோடு, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றது. மறுமுனையில் கனம் இருந்தது.

கையை எடுக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஆள்காட்டி விரலில் அது நான்கு சுற்றுச் சுற்றியிருந்தது. அவள் சுற்றவில்லை. உள்ளேயிருந்து மெதுவாக ஓர் இழுப்பு... இன்னொன்று. விரல் நுனி சிவந்தது, நீலமானது, நகத்தடியில் ரத்தம் கோத்தது. வெடுக்கென்று இழுக்கும் வேகம் இல்லை. பொறுமையாக, கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இழுக்கிற இழுப்பு.

“சொல்லுங்க அண்ணி. ஏன் பேசமாட்டேங்கறீங்க?”

விரலுக்குள் எலும்பு நெரியும் சத்தம் அக்காவுக்குக் கேட்டது.

“ஆமா,” என்றாள். “என் கைவேலைதான். என் தப்புதான்.”

சொன்ன பிறகுதான் விரலை விட்டது.